சுளை வாய்க்கு, கொட்டை குப்பைக்கா?

புதுவயல், காரைக்குடிப் பக்கத்துக்குப் பலாப்பழம் வெகுதூரத்திலிருந்து வரவேண்டியதில்லை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு வட்டாரமே பலாவுக்குப் பேர் போனது. சீசனில் முழுப்பழம் வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வீடே உட்கார்ந்து சுளை எடுப்போம். சுளை தட்டுக்குப் போகும், கொட்டை? பாதி வீடுகளில் தோலோடு சேர்ந்து குப்பைக்குத்தான்!

பழத்தின் எந்தப் பாகத்தில் என்ன சத்து என்று தெரிந்தால் அப்படிக் கொட்ட மனசு வராது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பல பதிப்புகளாக வெளியிட்ட உணவு அட்டவணையைப் பாருங்கள். நூறு கிராம் பழுத்த சுளையில் புரதச்சத்து 1.9 கிராம். அதே எடை கொட்டையிலோ 6.6 கிராம். மூன்று மடங்குக்கும் மேலே! இரும்புச்சத்து சுளையில் அரை மில்லிகிராம் அளவுதான், கொட்டையில் 1.5, பிஞ்சில் 1.7. பருப்புக்கு ஈடாகாது என்றாலும், காசு கொடுத்து வாங்கிய பண்டத்தில் இவ்வளவு இருக்கும்போது எறிவானேன்?

சுளையைக் குறைத்துச் சொல்லவில்லை. வைட்டமின் சி, பொட்டாசியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் இனிப்பு அதிகம். பழுக்காத பிஞ்சு அப்படியில்லை. நூறு கிராமில் 51 கலோரிதான், பழத்தில் 88. எடை கூடுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் பிஞ்சைப் பொரியல் செய்து சாப்பிடலாம். சுளைகளுக்கு நடுவே இருக்கும் நார், காய்க்காமல் போன பூக்கள்தான். ஒவ்வொரு சுளையும் ஒரு பூ! அந்த நாரிலும் தோலிலும் ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் இருக்கிறது. வீட்டில் அதற்கெல்லாம் நேரம் ஏது? மாட்டுக்குப் போடுங்கள், ஆசையாகத் தின்னும்.

“கொட்டையில் சர்க்கரை இல்லையே, நீரிழிவுக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக என்பது சரியில்லை. நூறு கிராம் கொட்டையில் மாவுச்சத்து சுமார் 26 கிராம் இருக்கிறது. ஒரு கை கொட்டை சாப்பிட்டால் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தை உத்தேசித்து, டாக்டரைக் கேட்காமல் பலாவைத் தொட வேண்டாம்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு கவனம். கொட்டையோடு சுளையைக் கையில் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் அடைக்கும். கொட்டையை நீக்கி, சுளையைப் பொடியாக நறுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கொடுங்கள். வேகவைத்த கொட்டையானாலும் மசித்துத்தான்.

பச்சைக் கொட்டையில் புரதச்சத்து செரிப்பதைத் தடுக்கிற பொருள் இருக்கிறது. நன்றாக வெந்தால் அது போய்விடும். மேலே உள்ள வெள்ளைத் தோலை மட்டும் உரித்தால் போதும். உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டாம். நார்ச்சத்து அதில்தான். தணலில் சுடுவதானால் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் பட்டென்று வெடிக்கும். சேர்த்து வைக்க ஆசைப்பட்டால், கழுவி நிழலில் ஈரம் போக உலர்த்தி மணலில் புதைத்து வைப்பது பழைய வழி.

பலா நம் மாநிலப் பழம். கேரளமும் 2018ல் அதைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது. அங்கே கொட்டையும் மாங்காயும் சேர்த்த குழம்பு பிரசித்தம். நமக்கு இருக்கவே இருக்கிறது செட்டிநாட்டு மண்டி. புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பேர் பெற்ற ஊர், கழுநீருக்கா பஞ்சம்? முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் கழுநீரை எடுத்து அதில் புளியைக் கரைத்து வையுங்கள். இருபது கொட்டையைக் குக்கரில் வேகவைத்து இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். கடுகு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சைமிளகாய் வதக்கி, கொட்டையைப் போட்டு, கரைசலையும் உப்பையும் சேர்த்துக் கெட்டியாகும்வரை கொதிக்க விடுங்கள். இறக்கியதும் பரிமாறாதீர்கள். அரை மணி நேரம் போனால்தான் புளிப்பும் காரமும் கொட்டையில் ஊறும்.