எதிரொலி இருக்கிறது, நிரல் எங்கே?

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில், பாகாலா மண்டலத்தில் இருக்கிறது காதங்கி. அங்கே வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில் 1,024 ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸில் துடிப்புகளை மேலே அனுப்பி, காற்றுக் கொந்தளிப்பில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியைப் பிடிக்கும் எம்.எஸ்.டி. ரேடார் இது. 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. இதை நடத்தும் நிறுவனத்துக்கு 2005-இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் என்று பெயர் வந்தது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமார் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து பாய்கிற தாரைக் காற்றின் வேகம் இந்த ரேடாரால் தெரிகிறது. ஆனால் ஆன்டெனாவுக்கு வந்து சேர்வது இரைச்சலில் புதைந்த சமிக்ஞைதான். இரைச்சலைக் கணித்துக் கழித்து, எதிரொலியின் உச்சத்தைத் தேடி, டாப்ளர் பெயர்ச்சியைக் காற்று வேகமாக்குவது கணினி நிரல். இரண்டு உச்சங்கள் தெரிந்தால் எதை நம்புவது என்ற முடிவும் அதற்குள்தான் இருக்கிறது. முடிவு மாறினால் வேகமும் மாறும். முப்பது ஆண்டுப் போக்கை ஆராய வருகிறவர், 1995-இன் எண்ணும் இன்றைய எண்ணும் ஒரே முறையில் கிடைத்தவையா என்று நிரலைப் பார்க்காமல் எப்படிச் சரிபார்ப்பார்?

கவலை இங்கேதான். காதங்கித் தரவை வைத்துத் திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலும் பிற இடங்களிலும் முனைவர் பட்டங்கள் பெற்றவர்கள் பலர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைக்குப் பிறகு ஆய்வேடுகளின் மின்படிகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்கின்றன. நிரலைத்தான் யாரும் கேட்பதில்லை. அது மாணவரின் மடிக்கணினியில் தங்கிவிடுகிறது. அவர் வேலைக்குப் போகிறார், கணினி பழுதாகிறது, ஆய்வின் பாதி போய்விடுகிறது.

கோப்பு தப்பினாலும் போதாது. பைத்தான் 2 மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் நின்றது. அதில் எழுதிய நிரல்கள் பல, திருத்தாமல் புதிய பதிப்பில் ஓடுவதில்லை. ரீசயின்ஸ் என்ற ஆய்விதழ், பத்தாண்டுக்கு முந்தைய சொந்த நிரலை மீண்டும் ஓட்டிப் பாருங்கள் என்று விஞ்ஞானிகளுக்கே சவால் விட்டது.

முறைதான் கட்டுரையில் இருக்கிறதே, புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. ஆனால் எந்த அளவுக்குக் கீழே உள்ள எதிரொலியைத் தள்ளினார்கள் என்பது போன்ற நுணுக்கங்கள் கட்டுரையில் பெரும்பாலும் வருவதில்லை.

நிரலைக் காப்பது முடியாத காரியமல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய எழுத்துருக் குறியீடுகளில் ஏற்றிய தமிழ் நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது, செய்தவர்கள் தன்னார்வலர்கள். பொதுவில் உள்ள நிரல்களைச் சேமிக்க 2016-இல் பிரான்ஸில் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் இலவசமாகவே ஏற்கிறது. ஆய்வேட்டின் மின்படியை வாங்கும்போதே நிரலையும், மொழியின் பதிப்பு எண்ணையும், ஒரு மாதிரித் தரவுக் கோப்பையும் சேர்த்து வாங்கலாம். அதற்கு விதிமுறையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.