சந்திக்காத இரண்டு வாய்கள்

ஏற்காட்டில் சுரங்கம் என்று பேச்செடுத்தால் அது கரடிக்குகையில்தான் போய் நிற்கும். அதற்குள் நுழைந்தால் சேர்வராயன் கோயிலில் வெளிவரலாம், திப்பு சுல்தான் போன வழி அது என்பார்கள். வெளிவந்தவர் யாரும் இல்லை. ரயிலுக்காக இந்த மலையை எவரும் குடையவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலைதான் ஏறி வந்தது. ரயிலுக்காகக் குடைந்து கைவிட்ட சுரங்கம் வேண்டுமென்றால் இமாச்சலத்தின் பாரோக்குக்குப் போக வேண்டும். கல்கா–சிம்லா மலைப்பாதைக்காக வெட்டியது அது. ஏன் கைவிட்டார்கள் என்பது, மலையை இரு பக்கமும் குடைவது எப்படி என்று தெரிந்தால் தானே விளங்கும்.

வேலை தொடங்குவது மலைக்குள் அல்ல, முகட்டில். முதலில் இரண்டு வாய்களுக்கும் இடம் குறிப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றது தெரியாது. அதனால் முகட்டில் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை நிறுத்தி, இரு சரிவிலும் ஒரே நேர்கோட்டில் குறிக்கல் நட்டபடி இறங்குவார்கள். சரிவின் நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கிடைமட்டத் தூரமாக மாற்ற வேண்டும். இரு வாய்களின் உயரத்தையும் முகடு ஏறி இறங்கித்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து, மேலே போட்ட கோட்டை மலைக்குள் அனுப்ப வேண்டும். வாய்க்கு எதிரே கருவியை வைத்துச் சரிவில் உள்ள குறிக்கல்லைப் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் அசைக்காமல் குழலைத் தாழ்த்தினால், குடைய வேண்டிய திசை கிடைத்துவிடும். அந்தத் திசையில் கூரையில் ஆணியடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, பின்னால் விளக்கு வைப்பார்கள். வெட்டு முன்னேற முன்னேற அடுத்த ஆணி, அடுத்த குண்டு. முந்தைய ஆணி கொஞ்சம் தவறியிருந்தால் அடுத்ததெல்லாம் தவறு.

எவ்வளவு தவறலாம்? பாரோக்கில் இன்று ரயில் ஓடும் சுரங்கத்தின் நீளம் 1,143 மீட்டர். இரு பக்கமும் பாதிப் பாதி குடைவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக் கோடு ஒரு பாகை விலகினால் நடுவில் 10 மீட்டர் தள்ளிப் போய்விடும். பாகையில் அறுபதில் ஒரு பங்கு விலகினால் 17 சென்டிமீட்டர். பின்னதைச் சுவரைச் செதுக்கிச் சரிக்கட்டலாம். முன்னதை என்ன செய்வது?

குடைவது உடல் வேலை. சம்மட்டியும் கம்பியுமாகத் துளையிட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்து ஓடிவர வேண்டும். புகை அடங்கியதும் கூரையில் தொங்கும் கல்லைத் தட்டி விழவைத்துவிட்டுத்தான் சிதறலை அள்ள வேண்டும். நம் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை என்றால் துளையிடுவதற்குள் கை விட்டுப்போகும். ஆனால் அது தானாக நிற்கும். பாரோக்கில் இருப்பது பிளவோடிய மணற்கல். வெட்ட எளிது, நம்ப முடியாது. உள்ளே ஊறும் நீர் தானாக வெளியேற, வாயிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய ஏற்றம் வைத்துக் குடைவது வழக்கம்.

கடைசிக் கட்டம் சந்திப்பு. எதிர்ப்பக்கத்துச் சம்மட்டி ஓசை கேட்கும். அதை நம்பித் திசை திருப்பக் கூடாது. பாறைக்குள் ஓசை எங்கிருந்து வருகிறதென்று காதால் சொல்ல முடியாது. கணக்குப்படி சேர வேண்டிய இடம் தாண்டியும் திறக்கவில்லையா, வெட்டை நிறுத்திவிட்டு முகட்டுக்குப் போய் மறுபடி அளக்க வேண்டியதுதான்.

பாரோக்கில் இரு வெட்டுகளும் சந்திக்கவே இல்லை. பொறுப்பிலிருந்த பொறியாளர் பாரோக்குக்கு அரசு ஒரு ரூபாய் அபராதம் விதித்தது, அவமானம் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது அங்கே வழங்கும் கதை. தலைமைப் பொறியாளர் ஹாரிங்டன் பழைய வெட்டை விட்டுவிட்டு, சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் குடைந்தார். சைல் பகுதியைச் சேர்ந்த, எழுத்தறியாத பால்கு என்பவர் கோலால் பாறையைத் தட்டித் தட்டி வழி சொன்னாராம். தட்டினால் பாறையின் உறுதி தெரியும். கல்லுடைக்கும் எவரும் அதைச் சொல்வார். கோடு மட்டும் அப்படிக் கிடைக்காது. தியோடலைட்டுக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம்.

1900-இல் தொடங்கிய புதிய சுரங்கம் 1903-இல் முடிந்தது. அந்த நவம்பரிலேயே பாதையும் திறக்கப்பட்டது. அந்தச் சுரங்கத்தின் எண் 33. அதையொட்டிய நிலையத்துக்கு இருப்பது முடித்தவர் பெயரல்ல, பாரோக்கின் பெயர். சிம்லாவில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு பால்குவின் பெயர்.