புளிக்கும் செடியும் தலைகீழாய்த் தொங்கும் புழுவும்

கொண்டைக்கடலைச் செடியை விடியற்காலையில் தொட்டுவிட்டு விரலை நாக்கில் வைத்தால் புளிக்கும். இலை, தண்டு, காய் எங்கும் பொடி ரோமம். ரோம நுனியில் அமிலத் துளி. மாலிக் அமிலமும் ஆக்சாலிக் அமிலமும் அதில் உண்டு. பனி இறங்கும் இரவில் செடிகள்மேல் வெள்ளைத் துணி விரித்து, காலையில் பிழிந்து மருந்துக்கு எடுப்பார்கள். கடலைப்புளிப்பு என்று அதற்குப் பெயர்.

இந்தப் புளிப்பையும் சட்டை செய்யாமல் தின்கிற புழு ஒன்று இருக்கிறது: பச்சைக் காய்ப்புழு. ஆய்வாளர்கள் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்பார்கள். மதுரைப் பக்கம் அழகர்கோவில் அடிவாரத்தில் கொண்டைக்கடலை பெரிதாகப் பயிராவதில்லை. அதற்குக் கரிசலும் குளிர்ந்த பனிக்காலமும் வேண்டும். கோவை, உடுமலைப் பக்கம் போனால் பார்க்கலாம். புழுவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. துவரை, மொச்சை, தக்காளி, பருத்தி எது இருந்தாலும் வந்துவிடும். வரப்போரத்துத் துவரையில் காயைத் திருப்பிப் பாருங்கள்: வட்டமாக ஒரு ஓட்டை, அதற்குள் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு, உடம்பை வெளியே போட்டபடி சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கும். பச்சைப் புழு என்று பேர்தானே தவிர பழுப்பிலும் மஞ்சளிலும்கூட இருக்கும். கொண்டைக்கடலையில் ஒரே புழு வளர்ந்து முடிப்பதற்குள் 30, 40 காய்களைக் காலி செய்துவிடும்.

மருந்தடித்தால் சாகாதா? 1987 வாக்கில் ஆந்திரப் பருத்திக் காடுகளில் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பைரித்ராய்டு மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தும் புழு அசையவில்லை. தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகளுக்கு அந்த மருந்து பழகிப்போயிருந்தது.

அதே பத்தாண்டில் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆர்.ஜே.ரவீந்திராவும் எஸ்.ஜெயராஜும் வேறொரு ஆயுதத்தைக் கொண்டைக்கடலை வயலில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். என்.பி.வி. என்ற வைரஸ். இந்தப் புழுவுக்கென்றே வந்த நோய் அது. மனிதர், மாடு, தேனீ எதையும் தொடாது.

வைரஸ் துகள்கள் ஒரு புரத உறைக்குள் அடைபட்டிருக்கும். இலையோடு சேர்த்துப் புழு அதை விழுங்க வேண்டும். நம் வயிறு அமிலம். புழுவின் நடுக்குடலோ கடுங்காரம். அந்தக் காரத்தில் உறை கரைகிறது, துகள்கள் குடல் செல்லுக்குள் புகுந்து உட்கருவில் பெருகுகின்றன. புழு உடனே சாகாது. நாலிலிருந்து ஏழு நாள் ஆகும். கடைசி நேரத்தில்தான் வினோதம்: நிழலில் ஒண்டியிருக்க வேண்டிய புழு செடியின் உச்சிக்கு ஏறுகிறது. அங்கே பின்கால்களால் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகிறது. தோல் நைந்து, உள்ளே இருந்ததெல்லாம் கூழாகிக் கீழ் இலைகளில் சொட்டுகிறது. அடுத்த புழு அந்த இலையைத் தின்னும். ஏன் ஏறுகிறது? வைரஸ் புழுவின் பார்வை ஜீன்களைத் தூண்டி, அதை வெளிச்சத்தை நோக்கி இழுக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் 2022இல் இதே புழுவில் காட்டினார்கள். படிக்கும்போதே கொஞ்சம் முதுகு சில்லிடுகிறது.

ஆனால் வைரஸுக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் சீக்கிரமே வலுவிழந்துவிடும். மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் சாயங்காலத் தெளிப்பு. கூடவே எக்டேருக்கு இரண்டரை கிலோ வெல்லம் கலக்கச் சொல்கிறார்கள். இனிப்புக்கு மயங்கிப் புழு கூடுதலாகத் தின்னும், வெயிலும் கொஞ்சம் மட்டுப்படும். துணிக்குப் போடும் நீலத்தைக்கூடச் சேர்ப்பதுண்டு.

அடுத்த சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. தக்காளியில் நன்றாக வேலை செய்கிற வைரஸ் கொண்டைக்கடலையில் சுணங்குகிறது. அந்த இலையின் மேற்பரப்பிலுள்ள ஐசோஃபிளவனாய்டு என்ற வேதிப்பொருள்கள் வைரஸைச் செயலிழக்கச் செய்கின்றன என்று 2010இல் தெரியவந்தது. பூச்சி முட்டைக்குள் முட்டையிட்டு அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற துளியூண்டு குளவியை விட்டுப் பார்த்தாலும் இதே கதை. ரோமங்களின் புளிப்புப் பிசினில் அதன் காரியம் நடப்பதில்லை. தன்னைக் காக்க வந்தவர்களையே செடி விரட்டுகிறது; புழு மட்டும் தப்பித்துக்கொள்கிறது. கேம்போலெடிஸ் என்ற இன்னொரு குளவி ஒரு விதிவிலக்கு. அது இளம்புழுவைத் தேடிப்பிடித்து உடம்புக்குள் முட்டை வைக்கும், கொண்டைக்கடலைக்கும் அஞ்சுவதில்லை.

ஆகவே வைரஸ் பாட்டிலை வாங்கி அடித்துவிட்டு மறுநாள் காலை செத்த புழுவைத் தேடினால் ஏமாற்றம்தான். காயைத் துளைக்கும் பருவத்துப் பெரிய புழுவுக்கு அடித்துப் பயனில்லை. இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சிகள் விழ ஆரம்பித்த சில நாளில், முட்டை பொரித்துச் சின்னப்புழு இலையைச் சுரண்டும்போதே அடிக்க வேண்டும். வயலில் அங்கங்கே குச்சி நட்டுவைத்தால் கரிச்சான்கள் உட்கார்ந்து மிச்சத்தைப் பொறுக்கும். மருந்துக்கடைக்காரர் இந்த வைத்தியத்தை ஆர்வமாகச் சொல்லமாட்டார். குச்சியில் அவருக்கு என்ன வரும்படி?

அளவைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். எக்டேருக்கு 250 எல்.இ. என்பது பரிந்துரை. ஒரு எல்.இ. என்றால் நோயில் செத்த ஒரு முழுப் புழுவிலிருந்து கிடைக்கும் வைரஸ், கணக்கில் 600 கோடி உறைகள். அதாவது ஒரு ஏக்கருக்குத் தேவை நூறு செத்த புழுக்கள். சில ஊர்களில் விவசாயிகள் உச்சியில் தொங்கும் புழுக்களைக் கூழாவதற்கு முன்பே பொறுக்கி, அரைத்து, துணியில் வடிகட்டித் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள்.