லா டூனாவிலிருந்து ஒரு சுரங்கம்

கசகசாச் செடியின் பச்சைக் காயைச் சாயங்காலம் மெல்லக் கீறிவிட்டால் பால் வடியும். மறுநாள் காலையில் அது பழுப்பு நிறப் பிசினாக இறுகியிருக்கும். சுரண்டி எடுத்தால் அபினி. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இதே செடியின் முற்றிய விதைதான். அதில் போதை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது; ஆனாலும் வளைகுடா நாடுகள் சில அதைக்கூட உள்ளே விடுவதில்லை.

வீரியமெல்லாம் காயின் பாலில்தான். அதில் மார்ஃபினைச் செடி எதற்காகச் சேர்த்து வைக்கிறது? கடிக்க வரும் உயிர்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள என்பது பொதுவான விளக்கம். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொரு வேலையையும் கண்டார்கள். காயம்பட்டதும் மார்ஃபின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகப் பிணைந்து செல்சுவரின் பெக்டினோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் பெக்டினை அரிக்கும் நொதிகளுக்கு அந்தச் சுவர் எளிதில் கரைந்து கொடுப்பதில்லை. செடி தன் புண்ணுக்குப் போட்டுக்கொள்ளும் பற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதே மூலக்கூறு, நம் உடல் சுரக்கும் எண்டார்பின்களுக்காக மூளையில் இருக்கும் ஏற்பிகளிலும் கச்சிதமாகப் போய் உட்காருகிறது. வலி அடங்குகிறது, சுகம் பிறக்கிறது, பழகியவருக்கு விடமுடியாமல் போகிறது. வேதியியலின் இந்தத் தற்செயல் இல்லாவிட்டால் ஹோவாகின் குஸ்மான் என்ற கடத்தல் தலைவரின் பெயரை அவர் ஊருக்கு வெளியே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மெக்சிகோவின் மேற்கே சியரா மாட்ரே மலைத்தொடரில், சினலோவா மாநிலத்தின் படிராகுவாட்டோ வட்டாரத்தில் லா டூனா என்றொரு குக்கிராமம். குஸ்மான் அங்கே 1957இல் பிறந்தார். தந்தை மாடு வளர்ப்பவர் என்று பெயர். கசகசாவும் பயிரிட்டார் என்பது ஊரறிந்த செய்தி. பையனின் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. குள்ளம் என்பதால் பட்டப்பெயர் ‘எல் சாப்போ’. தலைமறைவாக இருந்த 2015இல் நடிகர் ஷான் பென்னுக்குக் கொடுத்த பேட்டியில் தன் சிறுவயதைச் சொல்லியிருக்கிறார்: அம்மா ரொட்டி சுடுவார், தான் ஆரஞ்சும் மிட்டாயும் குளிர்பானமும் விற்றேன், பதினைந்து வயதில் கசகசாவும் கஞ்சாவும் பயிரிடத் தொடங்கினேன், அந்தப் பக்கத்தில் பிழைக்க வேறு வழி கிடையாது. குற்றவாளி தனக்குத்தானே வாதாடுகிறார் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்தக் கடைசி வாக்கியத்துக்கு இருநூறு ஆண்டுப் பழமையான பொருளியல் விளக்கம் ஒன்று இருக்கிறது.

1826இல் ஃபான் தூனன் என்ற ஜெர்மானியப் பண்ணையார், எந்தப் பயிர் எங்கே விளையும் என்பதை மண்ணோடு சேர்ந்து சந்தையின் தூரமும் தீர்மானிக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி. தூரம் போகப்போக, வண்டிக்கூலியைத் தாங்கக்கூடிய சரக்கு மட்டுமே நிற்கும். சாலை இல்லாத மலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீழே இறக்கினால் வரும் காசு சுமைகூலிக்கே போய்விடும். ஆரஞ்சு வழியிலேயே அழுகும். அபினிப் பிசின் அழுகாது. ஒரு கிலோவைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். வாங்குகிறவனே மலையேறி வருவான். எடைக்கு விலை என்ற ஒரே கணக்கில் மற்ற எல்லாப் பயிரும் தோற்றுப்போகிறது.

சரி, வறுமையும் மேடுபள்ளமும் உலகில் எத்தனையோ மலைகளுக்கு உண்டு. படிராகுவாட்டோ மட்டும் ஏன் காரோ கின்டேரோ, ஃபொன்சேகா, பெல்ட்ரான் லேவா சகோதரர்கள், குஸ்மான் என்று வரிசையாகக் கடத்தல் தலைவர்களைத் தந்தது? வடக்கே 3,000 கிலோமீட்டருக்கும் நீளமான ஓர் எல்லைக்கோடு, அதற்கப்பால் உலகிலேயே பெரிய போதைச் சந்தை. விவசாயிக்குக் கிடைப்பது சொற்பம். பத்துக் கிலோ பிசினிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஹெராயின் வரும். விலை எகிறுவது அந்தக் கோட்டைத் தாண்டும்போதுதான். கொக்கெய்னில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: கொலம்பியாவில் கிலோ சுமார் 2,000 டாலர் இருந்த காலத்தில் மெக்சிகோவில் 10,000, எல்லை தாண்டினால் 30,000. பொருள் அதேதான், ஒரு கிராம்கூட மாறவில்லை. கைமாறியது ஆபத்து மட்டுமே. அந்த ஆபத்துக்குத்தான் இவ்வளவு விலை.

குஸ்மானின் எழுச்சியில் அவருடைய சாமர்த்தியத்துக்கு இணையாக அரசுகளின் கைங்கரியமும் இருக்கிறது. 1977இல் மெக்சிகோ ‘ஆபரேஷன் காண்டோர்’ என்ற பெயரில் பத்தாயிரம் வீரர்களை மலைக்கு அனுப்பி, வானிலிருந்து களைக்கொல்லி தெளித்தது. தலைகள் குவாடலஹாரா நகரத்துக்குப் போய் வசதியாகக் குடியேறின. அடி வாங்கியது மலைக்குடிகள். 1980களில் அமெரிக்கா கரீபியக் கடல்வழியை நெருக்கியதும் கொலம்பியக் கொக்கெய்ன் மெக்சிகோ பக்கம் திரும்பியது. மலையிறங்கி வந்து ஃபெலிக்ஸ் கயார்டோ என்ற தலைவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த குஸ்மானுக்கு அது அதிர்ஷ்டக் காற்று. 1989இல் கயார்டோ கைதாக, வட்டாரங்கள் பங்கு பிரிந்தன. கொலம்பியர்கள் குஸ்மானுக்கு வைத்த பெயர் ‘எல் ராப்பிடோ’, வேகக்காரர். சரக்கை வாங்கிய வேகத்தில் எல்லைக்கு அப்பால் சேர்த்துவிடுவாராம்.

அந்த வேகத்தின் ரகசியம் மண்ணுக்கடியில் இருந்தது. மெக்சிகோவின் அகுவா பிரியெட்டாவில் ஒரு வீடு. வீட்டில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை. ஒரு தண்ணீர்க் குழாயைத் திருகினால் ஹைட்ராலிக் விசையில் மேசை தரையோடு மேலெழும்பும். கீழே இறங்கும் சுரங்கம் எல்லைக்கடியில் ஓடி, அமெரிக்காவின் டக்ளஸ் நகரக் கிடங்கில் முடியும். 1990இல் சுங்கத்துறை இதைக் கண்டுபிடித்தபோது அதிகாரிகளே வாய்பிளந்தார்கள்.

அதன் பிறகு சுரங்கங்கள் பெருகின. எல்லா இடத்திலும் தோண்ட முடியாது. டெக்சாஸ் பக்கம் எல்லையே ஆறு. டிஹுவானாவுக்கு எதிரே ஓட்டாய் மேசா பகுதியின் களிமண் கலந்த மண்ணோ கையால் இயக்கும் கருவிக்கே இளகிக் கொடுக்கும். வெட்டிய பின் சரியாமலும் நிற்கும். அதே களிமண் காவலர்களை ஏமாற்றவும் செய்கிறது. தரையை ஊடுருவும் ரேடாரின் அலைகள் மின்சாரம் கடத்தும் ஈரக் களிமண்ணில் சில மீட்டருக்குள் செத்துவிடும். 2019இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சுரங்கத்தின் நீளம் 1,313 மீட்டர், ஆழம் 20 மீட்டருக்கும் மேல். உள்ளே தண்டவாளம், காற்றுக்குழாய், மின்சாரம், மின்தூக்கி.

குஸ்மான் தனக்கே தோண்டிக்கொண்டதுதான் உச்சம். 2015 ஜூலை 11 அன்று, தான் அடைபட்டிருந்த ஆல்டிபிளானோ சிறைக் குளியலறையின் தரைத் துளைவழி இறங்கி மறைந்தார். கண்காணிப்புக் கேமராவுக்குத் தெரியாத மூலை அது. பத்து மீட்டர் ஆழத்தில் 1.5 கிலோமீட்டர் நீளம், 1.7 மீட்டர் உயரம். தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றிய மோட்டார் சைக்கிள் காத்திருந்தது. சிறைக்குள் கடத்திய ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தை வைத்துத்தான் இடத்தைக் குறித்தார்கள் என்று பிறகு நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. வெட்டியெடுத்த மண் எப்படிப் பார்த்தாலும் மூவாயிரம் டன் இருக்கும். அத்தனையையும் ஒரு காவலரும் கவனிக்கவில்லை என்று நம்புவதற்கு நாம் ஒன்றும் குழந்தைகள் அல்ல.

2016இல் மீண்டும் பிடிபட்டு, 2017இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2019இல் ஆயுள் தண்டனையோடு கூடுதலாக 30 ஆண்டுகளும் பெற்றார். ஏழைப் பையனின் வீரக்கதையாக இதைப் பாடும் பாட்டுகள் மெக்சிகோவில் ஏராளம். அந்த நாட்டில் காணாமல்போனோர் பதிவேடு 2022இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது; அந்தப் பெயர்களிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் உண்டு.

தலைவர் சிறைக்குப் போனார். எடைக்கு விலை என்ற கணக்கு போகவில்லை. ஹெராயினைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு வீரியமுள்ள ஃபென்டானிலுக்கு வயலும் வேண்டாம், மழையும் வேண்டாம், கீறுவதற்கு ஆளும் வேண்டாம். ஓர் ஆய்வகம் போதும். குஸ்மானின் மகன்கள் அதற்குத்தான் மாறினார்கள். 2017க்குப் பிறகு மெக்சிகோ மலைகளில் அபினிப் பிசினின் விலை சரிந்து விழுந்தது. நஷ்டப்பட்டவர்கள் அதைப் பயிரிட்ட மலைவிவசாயிகள்.