பேட்டிக்கு ஏற்ற உடை யாது?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். ஆயினும் அந்தப் பாதி எத்தகைய ஆடையாய் இருத்தல் வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. கோலார் தங்கவயலில் பாலகாட் முதலிய குடியிருப்புகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் இக்கேள்வி இந்நாளில் அடிக்கடி எழுகிறது. பட்டம் பெற்ற மகனுக்கோ மகளுக்கோ பெங்களூரிலுள்ள ஒரு கம்பெனியிலிருந்து பேட்டிக்கு அழைப்பு வருகிறது. "எங்கள் அலுவலகத்தில் உடைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை; சாதாரணமாக வாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்கிறார்கள். ஆறுதல் தர வேண்டிய இச்சொல் வீட்டாருக்குக் கலக்கத்தையே தருகிறது. சாதாரணம் என்றால் யாது? யாருடைய சாதாரணம்? இதனைச் சற்று ஆராய்வோம்.

தங்கவயலின் கதையை நினைவுகூர்ந்தால் இக்கலக்கத்தின் காரணம் விளங்கும். 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் திரளாக வந்து குடியேறினர். பூமிக்கடியில் இறங்கிப் பாறையை உடைக்கும் வேலைக்கு உடல் வலிமையும் மனத்துணிவுமே தகுதிகள். சட்டையின் கழுத்துப் பட்டி அங்கே கணக்கில்லை. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்க வேலை நின்றது. அதன்பின் வேலை தேடும் திசை பெங்களூராயிற்று. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரை அந்நகருக்குச் சுமந்து செல்கிறது. இவர்களுள் பலர் தம் குடும்பத்தில் அலுவலகப் பேட்டிக்குச் செல்லும் முதல் தலைமுறையினர். பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்று சொல்லித்தர வீட்டில் முன் சென்றவர் எவருமில்லை.

அரசாங்க உத்தியோகத்திற்கோ வங்கி வேலைக்கோ செல்பவர்களுக்கு இத்துன்பம் குறைவு. தேய்த்த முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, மெருகிட்ட காலணி, பெண்டிருக்குச் சேலை அல்லது சல்வார் கமீஸ் என்பது நெடுநாளாக நிலைபெற்ற வழக்கம். 2019-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலக ஊழியர்க்கு உடை பற்றிய அரசாணையே பிறந்தது. எழுதி வைத்த விதி கடுமையானதாயினும் ஒரு நன்மை உடையது: அது பணக்காரர் மகனுக்கும் தொழிலாளி மகனுக்கும் ஒன்றாகவே தெரியும்.

விதி தளர்ந்தது அண்மைக் காலத்திலே. 1960-களில் ஹவாய்த் தீவுகளில் வெள்ளிக்கிழமைதோறும் பூப்போட்ட சட்டையுடன் அலுவலகம் செல்லும் வழக்கம் வேரூன்றியது. அது அமெரிக்கப் பெருநிலத்திற்கும் பரவிற்று. 1992-இல் லீவைஸ் நிறுவனத்தார் எளிய அலுவலக உடை பற்றிய கையேடு ஒன்றை அச்சிட்டு, அந்நாட்டுக் கம்பெனிகளின் பணியாளர் நிர்வாகிகளுக்கு அனுப்பினர். துணி விற்பனையும் அதனால் வளர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாளர் துறைத் தலைவராயிருந்த மேரி பாரா, பத்துப் பக்க உடை விதியை நீக்கி, "தகுந்தவாறு உடுத்துக" என்னும் பொருள்படும் இரண்டே சொற்களாகச் சுருக்கினார். நம் பெங்களூரில் இன்போசிஸ் 2015-இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2019-இல் கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெரும் நிதி நிறுவனமும் அவ்வழி சென்றது.

இவ்வளவும் நல்லதே. ஆனால் விதி ஒழிந்துவிட்டது என்று கொள்வது பிழை. அது ஏட்டிலிருந்து மறைந்து பார்ப்பவரின் கண்ணுக்குள் புகுந்துகொண்டது என்பதே உண்மை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனை விளக்குகிறது. வழக்கத்தை மீறி உடுத்தும் ஒருவரைப் பிறர் உயர்வாக மதிப்பதுண்டு. ஆனால் அவர் வேண்டுமென்றே மீறுகிறார் என்று தோன்றினால்தான் அம்மதிப்பு கிட்டும், அறியாமல் மீறியதாகத் தோன்றினால் கிட்டாது என்று அதில் கண்டனர். புகழ் பெற்ற முதலாளி கசங்கிய பனியனோடு வந்தால் அது எளிமை எனப்படும். பெயர் தெரியாத இளைஞன் அவ்வாறே வந்தால் அது அசட்டை எனப்படும். ஆகவே, "எப்படி வேண்டுமானாலும் வரலாம்" என்னும் சொல்லை எழுத்துக்கு எழுத்து நம்புவது புதிதாய் நுழைபவருக்குப் பொருந்தாது.

அப்படியானால் செய்ய வேண்டுவது என்ன? முதலாவது, விசாரித்து அறிதல். அழைப்பு விடுத்தவரிடமே, "பேட்டிக்கு வருவோர் வழக்கமாக எவ்வாறு உடுத்தி வருவர்?" என்று கேட்டுவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்யோசனையுள்ளவர் என்ற மதிப்பே ஏற்படும். கம்பெனியின் இணையப் பக்கத்திலுள்ள படங்களையும் பார்க்கலாம். விழாக்காலப் படங்களை விடுத்து, அலுவல் நேரத்தில் எடுத்தவற்றைக் காண்பது நலம். அங்கே வேலை செய்யும் நம்மூரார் எவரேனும் காலை ரயிலில் இருந்தால் அவரைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை.

இரண்டாவது, அங்குள்ளோர் அன்றாடம் உடுத்துவதைவிட ஒரு படி மேலாக உடுத்துதல். அவர்கள் பனியனும் ஜீன்ஸும் அணிவாரானால், நாம் கழுத்துப் பட்டியுள்ள சட்டையும் அடர்ந்த நிறமுள்ள பருத்திக் கால்சட்டையும் அணியலாம். அவர்கள் சட்டை அணிவாரானால், நாம் முழுக்கைச் சட்டையைத் தேய்த்து உட்செருகி அணியலாம். பெண்டிர்க்குத் தூய பருத்திக் குர்த்தாவோ, சுடிதாரோ, எளிய சேலையோ பொருந்தும். பொட்டும் பூவும் நம் வழக்கம்; அவற்றை அஞ்சி நீக்க வேண்டியதில்லை. பேட்டி காண்பவர் கவனம் நம் விடையில் நிற்குமா, உடையில் நிற்குமா என்பதே உரைகல். கண்ணைப் பறிக்கும் நிறம், பெரிய எழுத்துகள் பொறித்த பனியன், மிகுந்த வாசனைத் திரவியம் ஆகியவை அவ்வுரைகல்லில் தேறா. வேட்டியைப் பற்றியும் ஒரு சொல். 2014-இல் சென்னையில் ஒரு சங்கத்தில் வேட்டி அணிந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கே அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டே அத்தகைய தடையை நீக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. வேட்டிக்கு இழுக்கில்லை, ஆனால் முதற்பேட்டியில் உடை பற்றிய பேச்சே முந்திக்கொள்ளுமானால் இழப்பு நமக்கே.

மூன்றாவது, செலவு. மகன் பேட்டிக்குப் போகிறான் என்று கடன் வாங்கிக் கோட்டும் சூட்டும் தைப்பிக்கும் பெற்றோர் உண்டு. அவர் அன்பைக் குறை கூற முடியாது. எனினும் எல்லாரும் அரைக்கைச் சட்டையில் அமர்ந்திருக்கும் அறையில், தனக்கே பழக்கமில்லாத கோட்டில் வியர்த்து நிற்கும் பிள்ளையின் நாவும் குழறும். கடன் நிற்கும், கோட்டு பெட்டியில் உறங்கும். அளவாகத் தைத்த சட்டை ஒன்று, நல்ல கால்சட்டை ஒன்று, மூடிய காலணி ஒரு சோடி போதும். அவையே முதல் மாத வேலைக்கும் உதவும். பேட்டிக்கு முன்பே இரண்டொரு முறை அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, நடந்து பார்த்துவிட வேண்டும். புதுக் காலணி கடிக்கும் துன்பத்தைப் பேட்டி நாளன்று முதன்முதலாக அறிதல் கூடாது.

நான்காவது, பயணம். மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சேர ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். நிற்கவும் இடமில்லாத பெட்டியில் தேய்த்த சட்டை தேய்த்ததாக இராது. ஆதலின் சட்டையை மடித்து உறையிலிட்டு எடுத்துச் சென்று, இறங்கியபின் ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் மாற்றிக்கொள்வது அறிவுடைமை. சிறு சீப்பு, கைக்குட்டை, காலணி துடைக்கும் துணி, மழைக்காலத்தில் குடை ஆகியவை உடனிருக்கட்டும். வழக்கமான ரயிலுக்கு முந்திய ரயிலில் புறப்பட்டால் பதற்றமும் குறையும். வீட்டிலிருந்தே கணினி வழியாகப் பேட்டி நடப்பினும் முழுமையாக உடுத்தியே அமர்க. இடையில் எழுந்து நிற்க நேரலாம்.

இறுதியாக ஒன்று. உடை வேலையைப் பெற்றுத் தராது. கல்வியும் பயிற்சியும் தெளிந்த பேச்சுமே பெற்றுத் தரும். தகுதியைக் காட்டுமுன் கதவு மூடிவிடாமல் காப்பதே உடையின் தொழில். பேட்டி காணும் பொறுப்பில் அமர்ந்துள்ள நம்மவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு: எதிரே இருப்பவரின் சட்டை சற்றே மிடுக்காகவோ, சற்றே பழையதாகவோ இருப்பின், அது எத்தனை ஆலோசனைக்குப் பின் தேர்ந்ததாக இருக்கும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றனர் நம் முன்னோர். துணியின் விலையை அவர்கள் கேட்கவில்லை. தூய்மையையும் கவனத்தையுமே கேட்டனர். எழுதப்படாத விதிகள் நிறைந்த இக்காலத்திலும், எந்த ஊரில் வாழும் தமிழரும் துணிந்து பின்பற்றத்தக்க விதி இதுவே.