எஞ்சிய பகை

பகையையும் தீயையும் எச்சமின்றி அழித்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. எஞ்சியது சிறிதே ஆயினும், காலம் வாய்த்துழி அது பெருகிக் கேடு விளைக்கும். உடம்பினுள் புகும் நோய்க்கிருமிகளாகிய பகைக்கும் இந்நெறி பொருந்துவதாம்.

1928-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாந்தர் பிளெமிங் என்னும் அறிஞர், கிருமிகளை வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூஞ்சணம் படர்ந்திருக்கக் கண்டார். அதனைச் சூழ்ந்த இடத்தில் கிருமிகள் அழிந்திருந்தன. அப்பூஞ்சணம் சுரந்த பொருளே பெனிசிலின். பின்னர், ஆக்சுபோர்டில் புளோரி, செயின் முதலிய அறிஞர்கள் அதனை மருந்தாக்கினர். சிறு கீறலும் சீழ்பிடித்து உயிரை மாய்த்த நிலை மாறிற்று.

1945-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது, பிளெமிங் அம்மருந்தின் பெருமையோடு ஓர் எச்சரிக்கையையும் உரைத்தார். தொண்டைப்புண் உற்ற ஒருவன் தானே மருந்தை வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கிறான். மடியாது எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்று, அவன் மனைவியைப் பற்றுகின்றன. அவளுக்கு அம்மருந்து பயன்படவில்லை, அவள் இறக்கிறாள். கணவனின் பொறுப்பின்மையே அவள் சாவுக்குக் காரணம் அன்றோ? அவர் புனைந்துரைத்த இக்கதை பிற்காலத்தில் மெய்யாயிற்று.

இது நிகழும் வகை யாது? கிருமிகள் விரைந்து பெருகுவன. அவ்வாறு பெருகுங்கால், மருந்தைத் தாங்கவல்ல சில தற்செயலாகத் தோன்றுதல் உண்டு. மருந்து மெலியனவற்றைக் கொல்லும். வலியன எஞ்சிப் பல்கும். அவை தம் ஆற்றலைப் பிற கிருமிகளுக்கும் வழங்கவல்லன. ஆகவே, மருந்தை வெல்லப் பழகியது மனித உடம்பன்று, கிருமியே ஆகும்.

1943-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைக் காசநோயாளர்க்குத் தனியே கொடுத்தனர். முதலில் தேறிய பலருக்கு நோய் மீண்டும் முற்றியது. வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றால் மடிந்தது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம், இத்தகைய கூட்டு மருந்துகளை நெடுநாள் தவறாது உட்கொண்டால், நோயாளர் தம் வீட்டில் இருந்தவாறே நலம் பெறலாம் என்று காட்டியது.

எனினும், இன்று மருந்துக்கு அடங்காக் கிருமிகள் உலகெங்கும் பரவியுள்ளன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் அவற்றால் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

இக்கேட்டைக் குறைத்தல் மக்கள் கையிலும் உள்ளது. தடுமனும் சளிக்காய்ச்சலும் வைரசுகளால் வருவன. இம்மருந்துகள் அவற்றை அழிக்கமாட்டா. மருத்துவர் கூறாமல் இவற்றை வாங்குதலும், ஒருவர் உண்டு எஞ்சியதைப் பிறர் உண்ணுதலும் தவறாம். மருத்துவர் குறித்த அளவையும் காலத்தையும் குறைத்தல் கூடாது. கைகளைத் தூய்மையாக வைத்திருத்தலும் தடுப்பூசி இட்டுக்கொள்ளுதலும் நோய் வருமுன் காக்கும். நோய் குறைந்தால் மருந்தின் தேவையும் குறையும்.

ஊர்க்குளத்தில் ஒருவர் கலக்கும் அழுக்கு அனைவர்க்கும் தீங்காதல் போல, ஒருவர் மருந்தைத் தவறாகக் கையாளுதல் முன்பின் அறியாத பிறர் உயிரையும் வாங்கும். மருந்தும் ஊர்ப்பொதுவே என உணர்ந்து, அதனைப் போற்றிக் காத்தல் நம் அனைவரின் கடமையாகும்.