ராக்கெட் முதுகில் ஒரு கிளைடர்

மேலே போக ராக்கெட், கீழே இறங்க இறக்கை. இதைத்தான் இஸ்ரோ 2016 மே 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் செய்து பார்த்தது. ஆர்.எல்.வி. என்ற அந்த விமானம் சுமார் 56 கி.மீ. உயரத்தில் ராக்கெட்டை விட்டுப் பிரிந்து, 65 கி.மீ. வரை போய், சறுக்கிக்கொண்டே வங்கக் கடலில் இறங்கியது. சூடு தாங்க வயிற்றில் சிலிகா ஓடுகள். நம்ம விருத்தாசலம் பீங்கானுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்தான்!

நாங்கள் செய்வது தண்ணீர் ராக்கெட். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மூணில் ஒரு பங்கு தண்ணீர், மீதிக்கு சைக்கிள் பம்பால் காற்று. காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், பாட்டில் மேலே பாயும். அதன் முதுகில் ஒரு கொக்கி, அதில் அட்டை கிளைடர். தண்ணீர் தீர்ந்ததும் காலி பாட்டிலின் வேகம் சட்டுன்னு குறையும். கிளைடர் முன்பக்கமாக வழுக்கிக் கழன்றுவிடும்.

கஷ்டமே கிளைடரில்தான். முதலில் கையால எறிஞ்சு பார்த்தோம். மூக்கைத் தூக்கி, அந்தரத்தில் நின்னு, வால் கீழாக விழுந்தது. வால் கனம்! மூக்கில் களிமண் ஒட்டினோம். அது கூடிப்போய் தலைகுப்புறக் குத்தி ஒரு இறக்கை ஒடிஞ்சது. புது இறக்கை ஒட்டி, மண்ணைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தோம். கடைசியில் சுண்டைக்காய் அளவுதான் மிச்சம். இறக்கை அகலத்தில், முன் ஓரத்திலிருந்து மூணில் ஒரு பங்கில் விரல் வைத்தால் சாயாமல் நிற்கிறது. இப்போ எறிந்தால் நேராகச் சறுக்குகிறது.

வெள்ளிக்கிழமை மாலை மைதானத்தில் சார் முன்னிலையில் விடுகிறோம். பம்ப் அடிக்கும்போது இருபது அடி தள்ளி நில்லுங்க. காத்து பலமா இருந்தா விடமாட்டோம், இருப்பது ஒரே கிளைடர்!